செப்டம்பர் வரை காப்பி

காடுகோடியில், ஏழாவது மாடியில்,
ராத்திரி இரண்டேகாலுக்கு
நூற்று முப்பத்திரண்டு பேரின் பாத அளவைக்
கேட்டு எழுதுவது என் வேலை.

பூட்ஸ் அளவு. கோட்டு அளவு.
ரப்பர் படகில் ஏற முழங்கால் ஒத்துழைக்குமா.
ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும்.
கடைசிக் கேள்விக்குப் பலரும் மகள் பேரைச் சொல்கிறார்கள்.
ஒருத்தர் மட்டும் வெகுநேரம் யோசித்து
தன் நாயை விட்டுப்போகும் காப்பகத்தின் எண்ணைக் கொடுத்தார்.

கப்பல் போகும் வழி திரையில் நீலக்கோடாக ஓடும்.
மலையின் விலாவில் கடல்
விரலை விட்டுக் கிச்சுகிச்சு மூட்டிய மாதிரி இடங்கள்.
ஃபியோர்டு என்று சொல்ல வேண்டும்.
ஆறாம் நாளுக்கு எதிரே
'யாரும் தீண்டாத கரை' என்ற பொருளில்
ஆங்கிலத்தில் ஒரு வரி.
தமிழில் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
வேறு ஊர் வந்து நின்றது.

அந்தக் கரையில் முப்பத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள்.
ஒரு கடை. பள்ளியில் நாலு பிள்ளைகள்.
கடைக்காரி பிப்பாலுக் ஏப்ரலில் எழுதியிருந்தாள்:

உங்கள் ஆட்கள் நல்லவர்கள். கையசைத்தார்கள்.
போன தடவை காப்பித்தூள் முழுவதையும்
வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.
பொட்டலத்தில் எங்கள் எழுத்து இருந்ததாம், ஞாபகத்துக்காம்.
எங்களுக்குச் சரக்குக் கப்பல் செப்டம்பரில்தான்.
கொஞ்சம் சொல்லுங்கள்.

நான் அதைப் பயணக் குறிப்பில் சேர்த்தேன்.
விளம்பரப் பிரிவு எடுத்துவிட்டது:
விருந்தாளிகளுக்கு உறுத்துமாம்.

எங்கள் பி.ஜி.யில் மூன்று நாளைக்கு ஒரு டேங்கர்.
மேல்மாடியில் கல்யாணத்துக்கு ஹாசனிலிருந்து
ஆள் வந்து தங்கிய வாரம்
எங்கள் குழாய் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.
அவர்களும் நல்லவர்கள்தான்.
லட்டு கொடுத்தனுப்பினார்கள்.
கை கழுவத்தான் தண்ணீர் இல்லை.

நாற்பத்தொன்றாவது அழைப்பிலிருந்து
எல்லாம் முடிந்தபின் ஒன்று சேர்த்துச் சொன்னேன்:
அந்தக் கடையில் காப்பித்தூள் மட்டும் வாங்காதீர்கள்.
ஒரு அம்மா சிரித்தாள்.
ஒருவர், ஏன், அதில் விஷமா, என்றார்.
நாய்க்காரரை நானே மறுபடி கூப்பிட்டேன்.
நான் டீதான், என்று வைத்துவிட்டார்.

தரப் பிரிவு பெள்ளியப்பா என் குரலை
எனக்கே போட்டுக் காட்டினார்.
"மங்கையர்க்கரசி, ஸ்கிரிப்டில் காப்பி எங்கே இருக்கு?"
இல்லை சார்.
எழுபத்தொன்று போட்டார். ஊக்கத்தொகை போயிற்று.
மடிக்கேரிப் பக்கம் அவருக்குத் தோட்டம் உண்டு.
கதவு வரை போனவளைக் கூப்பிட்டு
"அங்கெல்லாம் என்ன காப்பி குடிப்பாங்க?" என்றார்.
தெரியாது சார்.
"சிக்கரி கலப்பாங்களா?"
தெரியாது சார்.

ஆகஸ்ட் ஒன்பது, விடிகாலை நாலு மணி, திரையில் ஒரு வரி:
ஆறாம் நாள் தரையிறக்கம் ரத்து. மூடுபனி.
ஃபியோர்டின் வாயில் இரண்டு மணி நேரம்
நின்று பார்த்துவிட்டுக் கப்பல் திரும்பியதாம்.
பயணிகள் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்தபடி
கப்பல் காப்பியைக் குடித்துக்கொண்டு
ஊர் இருக்க வேண்டிய திசையில்
வெள்ளையைப் படம் எடுத்தார்களாம்.

அந்தத் தொண்ணூற்றிரண்டு பேரில்
யார் வாங்கியிருப்பார்கள், யார் வாங்கியிருக்க மாட்டார்கள்,
இனி யாருக்கும் தெரியாது.
எழுபத்தொன்று, எழுபத்தொன்றாகவே நிற்கிறது.

பதினைந்தாம் தேதி பிப்பாலுக்கிடமிருந்து நாலு வரி.
ஊதல் கேட்டது. நாய்கள் எழுந்து நின்றன.
பிள்ளைகள் கரைக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்தார்கள்.
காப்பி நிறைய இருக்கிறது.
வந்திருந்தால் ஆளுக்கு ஒரு குவளை கொடுத்திருப்போம்.

மூன்று முறை பதில் தொடங்கி அழித்தேன்.
ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்து
படுக்கையில் கிடந்தபடி போனில் நாலாவது முறை.

கீழே தெருமுனையில் டேங்கரின் ஹாரன்.
மேல்மாடிக் கதவுகள் திறக்கும் சத்தம்.
போனைத் தலையணைக்கடியில் தள்ளிவிட்டு
இரண்டு குடத்தோடு
செருப்புக்கூடப் போடாமல் இறங்குகிறேன்.